ரிப்போர்ட் போகும் எண் யாருடையது?

வாசகர் கேள்வி:

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். தினமும் 70 பேர் வரை ஓ.பி. வருவார்கள். ரிசப்ஷனில் ஒரு பெண், இரண்டு நர்ஸ், ஒட்டினாற்போல் சின்ன லேப், பார்மசி. சில வருடங்களாகக் கிளினிக் மென்பொருள் ஒன்று ஓடுகிறது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். போன வாரம் 24 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப் பரிசோதனை ரிப்போர்ட் அவருடைய அண்ணன் கைப்பேசிக்குப் போய்விட்டது. எப்போதோ காய்ச்சலுக்கு அண்ணன் அழைத்து வந்தபோது கொடுத்த எண்தான் பதிவில் இருந்திருக்கிறது. வீட்டில் பெரிய ரகளை. ரிசப்ஷன் பெண்ணை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்கிறார் என் மனைவி. இதற்கிடையில் மென்பொருள்காரர் எல்லாவற்றையும் இலவசமாகக் கிளவுடுக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். மருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் முகாம் நடத்தச் சர்க்கரை நோயாளிகளின் பெயர், எண் பட்டியல் கேட்கிறார். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி அபராதம் என்று சங்கக் கூட்டத்தில் பயமுறுத்துகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

டாக்டர், 250 கோடியை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். முதலில் அந்தப் பெண்.

அவரை நேரடியாகத் தொடர்பு கொள்ளுங்கள். பதிவில் உள்ள எண் வேண்டாம், அது அண்ணனுடையது. நீங்களோ மூத்த நர்ஸோ பேசுங்கள். ரிசப்ஷன் பேச வேண்டாம். என்ன நடந்தது, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் அவருக்கு ஆபத்து உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி, அவர் விரும்பினால் உங்கள் கிளினிக்கிலிருந்தே பேச வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' வசதி அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும். அதற்குள் அழித்தாலும், எதிர்முனையில் ஃபைலை இறக்கியிருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால், அது போகாது. அதனால் 'அழித்துவிட்டோம், கவலை வேண்டாம்' என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் போன் செய்தால் பதில் ஒரே வரிதான்: 'நோயாளியைப் பற்றி அவரைத் தவிர வேறு யாரிடமும் பேச முடியாது.' நிலைமையைத் தணிக்கிறேன் என்று 'அது வேறு ஒருவர் ரிப்போர்ட், லேபில் மாறிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நாளை அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பதிவையே திருத்த வேண்டி வரும். அவருக்கு 24 வயது. அண்ணனுக்கோ பெற்றோருக்கோ அந்த முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை எதுவும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி போலீசுக்குத் தகவல் சொல்லும் கடமை வரும். அது வேறு பாதை.

ரிசப்ஷன் பெண்ணை நிறுத்த வேண்டாம். திரையில் இருந்த எண்ணுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். அந்த எண் யாருடையது என்று கேட்கும் கட்டமே உங்கள் மென்பொருளில் இல்லை. அவரை நிறுத்தினால், அடுத்து வருபவர் இதே தவறைச் செய்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் மறைப்பார். அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, நேரம், என்ன விவரம், எங்கே போனது, எப்படித் தெரிந்தது, நோயாளியிடம் எப்போது சொன்னோம், எதை மாற்றினோம். முதல் பதிவு இந்தச் சம்பவமாக இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சிறிய கிளினிக்கில் நோயாளியின் ரகசியம் வெளியேறுவது பெரும்பாலும் இரண்டு வழியாக: பதிவில் உள்ள கைப்பேசி எண், ஊழியர் கையில் இருக்கும் போன். ஹேக்கரும் உண்டு, ஆனால் அவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். நீங்கள் பணம் செலவழிக்கப் போகும் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும். முதல் இரண்டையும் அடைக்கக் காசே தேவையில்லை.

எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பல வீட்டில் வாட்ஸ்அப் உள்ள போன் ஒன்றுதான். மகனிடமோ கணவரிடமோ இருக்கும். அம்மாவுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் அதே எண்ணைப் பதிந்திருப்பீர்கள். பல மென்பொருள்களில் தேடும் சாவியே கைப்பேசி எண்தான். பத்து இலக்கத்தைத் தட்டினால் குடும்பமே வரிசையாக வரும். அவசரத்தில் முதல் பெயரைச் சொடுக்கிவிடுவார்கள். அதில் இரண்டு 'எஸ். லட்சுமி' இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் அதே பெயரை ஒருமுறை ஒரு மாதிரியும் அடுத்த முறை வேறு மாதிரியும் அடித்து, ஒரே ஆளுக்கு மூன்று பதிவு ஆகியிருக்கும். போதாததற்கு எண்களே கை மாறுகின்றன: துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். மூன்று வருடம் முன்பு பதிந்த எண் இன்று முன்பின் தெரியாத ஒருவருடையதாக இருக்கலாம்.

நாளை காலை ஓ.பி. தொடங்கும் முன் செய்யக்கூடியது இது. மென்பொருள்காரரைக் கூப்பிட்டு, பதிவுத் திரையில் மூன்று கட்டம் கூடுதலாகக் கேளுங்கள்: 'இந்த எண் யாருடையது', 'ரிப்போர்ட் இதற்கு அனுப்பலாமா', 'கேட்ட தேதி'. அவர் இழுத்தடித்தால், 'குறிப்பு' என்ற காலிக் கட்டம் பெரும்பாலான மென்பொருளில் இருக்கும். அதில் 'சுயம் / கணவர் / மகன்', 'அனுப்பு / நேரில் மட்டும்' என்று எழுத வையுங்கள். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரி செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் 'நேரில் மட்டும்' என்று போட்டுவிட்டு, அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது அவரிடம் கேட்டு மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் 'ஏன் வாட்ஸ்அப்பில் வரவில்லை' என்று முணுமுணுப்பார்கள். தாங்கிக்கொள்ளலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். 'இந்த எண் சரிதானே?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'இந்த போன் யார் கையில் இருக்கும்?' என்று கேளுங்கள். அழைத்து வந்தவர் பக்கத்தில் நின்றால் அந்தக் கேள்வியே வேண்டாம். ரத்தம் எடுக்கும்போதோ பி.பி. பார்க்கும்போதோ நர்ஸ் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

சில பரிசோதனைகள், எண் யாருடையதாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் போகவே கூடாது. கர்ப்பப் பரிசோதனை, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது), சளிப் பரிசோதனை, விந்தணுப் பரிசோதனை, கருப்பை வாய்ப் பரிசோதனை, மனநல மருந்துச் சீட்டு. இந்தப் பட்டியலை அச்சடித்து லேப் மேசையில் ஒட்டுங்கள். இவை மூடிய கவரில், நோயாளி கையில், ஓ.பி. எண்ணும் வயதும் கேட்டுச் சரிபார்த்த பிறகு. எச்.ஐ.வி.க்கு இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமில்லை: 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. – எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பரிசோதனைக்கு முன் சம்மதமும் ஆலோசனையும், முடிவு சொல்லும்போது ஆலோசனையும் கேட்கிறது; நோயாளி சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லத் தடை விதிக்கிறது. மனநோய் விவரத்தின் ரகசியத்துக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உண்டு. காசநோயை அரசின் நிக்‌ஷய் தளத்தில் பதிவது மட்டும் சட்டக் கடமை. அதை ரகசியமீறல் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட் ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நோயாளி பெயரையும் பரிசோதனைப் பெயரையும் சேர்த்து பி.டி.எஃப். அனுப்பினால், போன் பூட்டியிருந்தாலும் திரையின் மேலே அறிவிப்பில் அந்தப் பெயர் பளிச்சென்று தெரியும். ஃபைலைத் திறக்கவே வேண்டியதில்லை. ஓ.பி. எண்ணும் தேதியும் மட்டும் ஃபைல் பெயராக இருக்கட்டும். கூட அனுப்பும் செய்தியும் 'உங்கள் ரிப்போர்ட் தயார், ஓ.பி. எண் இன்னது' என்பதோடு நிற்கட்டும். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் கடவுச்சொல் என்று பெரிய லேப்கள் பி.டி.எஃப்.பைப் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பின் தெரியாதவரை அது கொஞ்சம் தடுக்கும். அண்ணனை எப்படித் தடுக்கும்? அவருக்குத் தங்கை பெயரும் பிறந்த வருடமும் தெரியாதா என்ன.

வெளி லேபுக்கு சாம்பிள் அனுப்புகிறீர்களா? அந்தப் படிவத்தில் நோயாளியின் எண்ணை எழுதினால், அந்த லேப் நேராக அந்த எண்ணுக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிடும். பிறகு முழு உடல் பரிசோதனைச் சலுகை என்று வருடம் முழுக்க விளம்பரமும் அனுப்பும். எண் கட்டத்தில் உங்கள் கிளினிக் எண்ணை எழுதுங்கள். உங்கள் கதவை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை.

ஆபா எண்ணிலும் இதே வம்புதான். மருத்துவப் பதிவுகளை இணையத்தில் இணைக்க அரசு தரும் 14 இலக்க ஆபா எண் முற்றிலும் விருப்பம் சார்ந்தது. இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. உருவாக்கித் தருவதானால், தொடர்பு எண்ணாகப் பக்கத்தில் நிற்பவரின் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறதோ அவர் ஆபா செயலியைத் திறக்கலாம். இணைத்த ரிப்போர்ட் எல்லாம் அங்கே தெரியும். போன வாரம் ஒரு தாள் வெளியே போனது. இந்த வழியில் போனால் ஒட்டுமொத்த வரலாறும் போகும்.

அடுத்தது போன். உங்கள் சொந்த எண்ணிலிருந்தோ நர்ஸ் போனிலிருந்தோ ரிப்போர்ட் போகிறது என்றால் இன்றோடு நிறுத்துங்கள். கிளினிக்குக்கென்று ஒரு போன், உங்கள் பெயரில் வாங்கிய சிம், வாட்ஸ்அப் பிசினஸ். சிம் ஊழியர் பெயரில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் நோயாளிகள் எல்லோருடைய உரையாடலும் அவரோடு போகும். அந்தப் போனில் செய்ய வேண்டியவை: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்கள் தானாக இறங்குவதையும் கேலரியில் தெரிவதையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் புண்ணின் படம் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறி, அதே கணக்கு திறந்திருக்கும் உங்கள் வீட்டு டேப்லெட்டில் குழந்தைகளின் படத்துக்கு நடுவே வந்து நிற்கும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை இட்டு, அதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும்போது வாட்ஸ்அப் மறையாக்கம் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் கூகுள் டிரைவுக்குப் போகும் காப்பு நகலுக்கு அந்தப் பூட்டு தானாக வராது. செட்டிங்ஸில் மறையாக்கப்பட்ட காப்பு நகல் என்று தனியாக இருப்பதை நீங்கள்தான் இயக்க வேண்டும்.

இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு கணக்கை நான்கு சாதனம் வரை இணைக்கலாம். ரிசப்ஷன் கணினியில் ஒருமுறை கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் அது அப்படியே திறந்து கிடக்கும். சாயங்காலம் கடையைப் பூட்டிய பிறகு அந்தக் கணினியில் யார் உட்காருகிறார்கள்? தெரியாத சாதனம் எது இருந்தாலும் வெளியேற்றுங்கள்.

நோயாளி அனுப்பும் படமும், நீங்கள் சொல்லும் ஆலோசனையும் மருத்துவப் பதிவுதான். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் வாட்ஸ்அப் வழி ஆலோசனையை அனுமதிக்கிறது. கூடவே அதன் பதிவை மருத்துவர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எனவே அன்றைய உரையாடலில் தேவையானதை அன்றே நோயாளியின் கோப்பில் ஏற்றிவிட்டு, 90 நாளில் மறையும்படி செய்தியை அமைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஏற்றாமல் மறையவிட்டால் நாளை வழக்கில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

மருத்துவர் குழுக்களில் ஈ.சி.ஜி. போட்டு அபிப்பிராயம் கேட்பது நல்ல வழக்கம்தான். ஆனால் தாளின் மேல் விளிம்பில் பெயரும் வயதும் அச்சாகியிருக்கும். வெட்டிவிட்டுப் போடுங்கள். விரலால் கிறுக்கி மறைப்பதை நம்ப வேண்டாம். மெல்லிய மை என்றால் வெளிச்சத்தைக் கூட்டினாலே கீழே உள்ளது தெரிந்துவிடும். பேசினால் குறிப்பெழுதித் தரும் செயலி, ரிப்போர்ட்டை விளக்கும் சாட்பாட் போன்றவற்றுக்கும் இதுதான்: பெயர், ஓ.பி. எண், போன் எண் உள்ளே போகக் கூடாது. இலவச பி.டி.எஃப். மாற்றித் தளங்களில் ரிப்போர்ட்டை ஏற்றுவது ஏன் வேண்டாம் என்பதை ரிசப்ஷனில் தனியாகச் சொல்லுங்கள். யாருக்கும் அது தவறாகத் தோன்றாது, வேலை சீக்கிரம் முடியும், அதனால் எல்லோரும் செய்கிறார்கள்.

கணினி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் கணினியில் அதுதான் ஓடுகிறதென்றால் மாற்றுங்கள், அல்லது இணையத்தைத் துண்டித்துத் தனியாக வையுங்கள். எல்லோரும் ஒரே 'அட்மின்' பெயரில் நுழைவது வேண்டாம். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். ரிசப்ஷனுக்குப் பெயர், டோக்கன், பில் தெரிந்தால் போதும். பார்மசிக்கு மருந்துச் சீட்டு போதும். நீங்கள் எழுதிய நோய்க்குறிப்பு அங்கே தெரிய வேண்டியதில்லை. ஒரே பெயரில் எல்லோரும் நுழைந்தால், யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று பிறகு கேட்டாலும் விடை கிடைக்காது. ஊழியர் வேலையை விட்டால் அன்று மாலையே அவர் கணக்கை மூடுங்கள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் கிளினிக் கணினி இருக்கும் வைஃபையும் ஒன்றாக இருக்கக் கூடாது; ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று தனி இணைப்பு இருக்கும், அதை இயக்குங்கள்.

காப்பு நகலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சர்வர்களைப் பணப்பறிப்பு மென்பொருள் பூட்டியபோது, நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் காகிதத்தில் ஓ.பி. பார்த்தது. சிறிய கிளினிக்கிலும் இது நடக்கும். செய்தியில் வராது, அவ்வளவுதான். பெரும்பாலான கிளினிக்குகளில் காப்பு நகல் அதே கணினியின் டி டிரைவில் இருக்கிறது, அல்லது எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிஸ்கில் இருக்கிறது. இந்த மாதிரி மென்பொருள் உள்ளே வந்தால் செருகியிருக்கும் எல்லா டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். இரண்டையும் மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸ் புரோவில் அதற்கான பிட்லாக்கர் வசதி இருக்கிறது. அதன் மீட்புச் சாவியை அச்சடித்து வீட்டுப் பீரோவில் வையுங்கள். ஒன்றில் இன்று நகலெடுத்துக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், நாளை மற்றதில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து ஒரு நோயாளியின் பதிவு வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

மென்பொருள்காரரின் இலவசக் கிளவுடை உடனே மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். கிளவுட் கெட்டதில்லை, ஒழுங்காக நடத்தினால் உங்கள் மேசைக் கணினியைவிடப் பாதுகாப்பானதுதான். இலவசம் என்பதுதான் விசாரிக்க வேண்டியது. ஒப்பந்தத்தில் 'அடையாளம் நீக்கிய தரவை ஆய்வுக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஊர் பின்கோடு, 47 வயது, ஆண், தொழுநோய் சிகிச்சை என்று நான்கு விவரம் போதும். பெயரே இல்லாவிட்டாலும் டீக்கடையில் அவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். சிற்றூரில் பெயரை மட்டும் நீக்குவது அடையாளம் நீக்குவது ஆகாது. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள் இவை:

– தரவு எந்த நாட்டில், எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்?
– உங்கள் நிறுவனத்தில் யார் யார் எங்கள் நோயாளி பதிவைத் திறக்க முடியும், திறந்தால் பதிவாகுமா?
– நாங்கள் விலகினால் எல்லாப் பதிவையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் தருவீர்களா, எத்தனை நாளில், கட்டணம் உண்டா?
– அதன்பின் உங்களிடம் இருப்பதை அழித்துவிட்டதாக எழுதித் தருவீர்களா?
– உங்கள் பக்கம் கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு எத்தனை வருடமானாலும் அவரை விட்டு வெளியே வர முடியாது.

இப்போதே கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பழுது பார்க்க அவர் எனிடெஸ்க் (தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டு உள்ளே வருவாரே, அது எந்நேரமும் திறந்திருக்கிறதா? நிரந்தரக் கடவுச்சொல் வைத்து, நீங்கள் இல்லாதபோதும் நுழையும்படி அமைத்துவிட்டுப் போவது சகஜம். அதை நீக்கி, ஒவ்வொரு முறையும் உங்கள் ஆள் 'அனுமதி' அழுத்தினால் மட்டும் நுழையும்படி மாற்றுங்கள். 'டெஸ்டிங்குக்கு டேட்டாபேஸை பென்டிரைவில் எடுத்துப் போகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி அந்த 250 கோடி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. உங்களைப் போன்ற கிளினிக்கைத் தொடும் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதத்தில் அமலாகின்றன. 250 கோடி என்பது பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கான உச்சவரம்பு. மீறல் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் நீடித்தது, பாதிப்பைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் தரவுப் பாதுகாப்பு வாரியம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்யும். சிறிய கிளினிக் என்பதால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. கையால் எழுதும் நோட்டு மட்டும் என்றால் இந்தச் சட்டம் தொடாது. அதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால் தொடும். அதுவரை கேட்பாரில்லை என்றும் நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் இப்போதே மருத்துவப் பதிவைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய அந்தரங்கத் தகவல் என்கின்றன. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளில் நோயாளி ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. நோயாளி பதிவு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

புதிய சட்டத்தில் உங்கள் சம்பவம் எங்கே நிற்கும்? தவறுதலாக வெளியே போவதும் அதன் கண்ணில் தரவு மீறல்தான். அந்தக் கடமைகள் அமலான பிறகு இப்படி நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கும் வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான விவரம் 72 மணி நேரத்துக்குள். கணினியை யாராவது பூட்டிவிட்டாலோ தரவைத் திருடினாலோ, அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு இருக்கிறது. பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930. மேலே சொன்ன நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். அதில் இருப்பதை எடுத்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. மென்பொருள்காரர் பக்கம் தவறு நடந்தாலும் நோயாளிக்கும் வாரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எழுத்தில் ஒப்பந்தம் கேட்கச் சொன்னதற்குக் காரணம் அது.

சிகிச்சைக்காக நோயாளி தானே சொல்லும் விவரத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அந்தக் காரணத்தைத் தாண்டும்போதுதான் சம்மதம் தேவைப்படும். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்கும் கடுமையான விதி உண்டு, ஆனால் குழந்தையின் உடல்நலம் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவருக்கும் கிளினிக்குக்கும் விதிகளில் விலக்கு இருக்கிறது. ரிசப்ஷனில் தமிழில் இப்படி ஓர் அறிவிப்பு மாட்டிவிடுங்கள், வக்கீல் மொழி வேண்டாம்:

'உங்கள் பெயர், வயது, போன் எண், நோய் விவரம், பரிசோதனை முடிவு ஆகியவற்றைச் சிகிச்சைக்கும் பில்லுக்கும் மட்டும் கணினியில் பதிகிறோம். சில பரிசோதனைகளுக்கு சாம்பிள் வெளி லேபுக்குப் போகும். ரிப்போர்ட் எந்த எண்ணுக்கு வர வேண்டும், அல்லது நேரில் மட்டும் தர வேண்டுமா என்று சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் பதிவின் நகல் கேட்கலாம், தவறிருந்தால் திருத்தச் சொல்லலாம். சட்டம் கேட்கும்போது தவிர, உங்களைக் கேட்காமல் யாருக்கும் தர மாட்டோம். குறை இருந்தால் டாக்டரிடம் நேரில் சொல்லலாம்.'

ஆதார் நகல் வாங்கி வைக்கிறீர்கள் என்றால், எதற்கு என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு வருபவரிடம் ஆதார் தேவையில்லை. காப்பீட்டுக்கோ அரசுத் திட்டத்துக்கோ அடையாளம் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் செல்லுமா என்று விசாரித்து அதையே வாங்குங்கள். பழைய ஓ.பி. நோட்டு, ரிப்போர்ட் நகல் இவற்றை எடைக்குப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து அவை பஜ்ஜி மடிக்கப் போகும். துண்டு துண்டாக வெட்டும் ஷ்ரெட்டர் வாங்குங்கள். நீள நீளமாக மட்டும் வெட்டுவது வேண்டாம், ஒட்டிப் படித்துவிடலாம்.

கடைசியாக அந்த மருந்து கம்பெனிப் பட்டியல். கொடுக்காதீர்கள். சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தவர் முகாம் விளம்பரத்துக்குத் தன் எண்ணைத் தரவில்லை. 'பெயர் வேண்டாம் டாக்டர், எண் மட்டும் போதும்' என்று அடுத்து கேட்பார், எண்தான் ஆளே. முகாம் உங்கள் நோயாளிகளுக்கு உண்மையிலேயே பயன்படும் என்று தோன்றினால், அவர் தேதியும் இடமும் எழுதிய தட்டியை உங்கள் ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளட்டும். விருப்பமுள்ளவர்கள் தாங்களாகவே போய்ப் பெயர் கொடுப்பார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட அவருக்கு எண்ணிக்கை வேண்டுமானால், மாதம் எத்தனை சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள் என்ற மொத்தத்தைச் சொல்லலாம். பார்மசியிலும் லேபிலும் இதைச் சொல்லி வையுங்கள். உங்களிடம் கிடைக்காத பட்டியலை அவர் அடுத்து அங்கேதான் கேட்பார்.